கோபத்துக்கும் ஒரு கணக்குப் புத்தகம்

(விழுப்புரம், திண்டிவனம் வட்டாரக் குழுக்கள் சேர்ந்து நடத்திய கூட்டத்தில் ஊக்குநர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். அவர் கேட்டுக்கொண்டபடி அவரது பெயரும் ஊரும் இங்கே தரப்படவில்லை.)



இந்தத் தலைப்பில் பேச ஒரு டாக்டரைக் கூப்பிடலாம் என்றுதான் முதலில் பேசினோம். நான்தான் "இந்தத் தடவ நானே பேசறேன்"னு கேட்டு வாங்கினேன். ஏன்னா இந்த நோய் எனக்கு இருந்தது. இன்னும் முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். டாக்டர் சொன்னதை அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பட்டதை, பட்டவள்தானே சொல்ல முடியும்?

பெட்டியை எறிந்த நாள்

2014ஆம் வருடம். எங்கள் குழுவில் அப்போது 15 பேர். வழக்கம்போல ராத்திரி ஏழு மணிக்கு அங்கன்வாடி வாசலில் உட்கார்ந்து சேமிப்பு, தவணை எல்லாம் வாங்கிக் கணக்கு எழுதினோம். கையிருப்பில் 200 ரூபாய் இடித்தது. எங்கள் பிரதிநிதி, என்னைவிட ஆறு வயது சின்னவள், "யக்கா, இன்னொரு தடவ கூட்டிப் பாருங்க"ன்னு சொன்னாள். அவ்வளவுதான் சொன்னாள்.

என் காதில் அது அப்படி விழவில்லை. "நீ திருடி"ன்னு சொன்ன மாதிரி விழுந்தது. அடுத்து நடந்தது எனக்குப் பாதிதான் ஞாபகம். பக்கத்தில் இருந்த இரும்புப் பணப்பெட்டியைத் தூக்கி எறிந்தேன். அவள் தோளில் பட்டு, சில்லறை எல்லாம் தெருவில் ஓடியது. அவள் பெற்றவளிலிருந்து பிள்ளை வரைக்கும் வாயில் வராத வார்த்தை எல்லாம் பேசினேன். பத்து நிமிஷம் இருக்கும். அப்புறம் காற்றுப் போன டியூப் மாதிரி ஆகி, அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அந்த 200 ரூபாய் எங்கே இருந்தது தெரியுமா? அடுத்த பக்கத்தில். என் கையெழுத்தில்.

மறுவாரம் இரண்டு பேர் குழுவை விட்டு நின்றுவிட்டார்கள். "குழுவுல சண்டையாமே"ன்னு பேங்க் வரைக்கும் பேச்சுப் போய், வரவேண்டிய 3 லட்ச ரூபாய் கடன் நான்கு மாதம் தள்ளிப்போனது. அந்தக் கடனை நம்பிப் பெண்ணைக் கல்லூரியில் சேர்த்த ஓர் உறுப்பினர், ஃபீஸ் கட்ட வெளியில் பத்து வட்டிக்கு வாங்கினாள். என் பத்து நிமிஷக் கோபத்துக்கு அவள் வட்டி கட்டினாள்.

வீட்டுக்குள் நடந்தது

வெளியே தெரிந்தது இது ஒன்றுதான். வீட்டுக்குள் வாரத்துக்கு இரண்டு, மூன்று தடவை நடக்கும். சோறு குழைந்தால், டி.வி. சத்தம் கூடினால், மாமியார் ஒரு வார்த்தை சொன்னால் போதும். காரணம் கடுகு அளவு, கோபம் மலை அளவு. ஒருநாள் ஏழாவது படிக்கிற என் மகள் ரேங்க் கார்டைக் கொண்டுவந்து நீட்டினாள். அடுப்பில் இருந்த தோசைத் திருப்பி என் கையில் இருந்தது. அந்தத் தழும்பு இன்றைக்கும் அவள் இடது கையில் இருக்கிறது.

ரொம்ப நாள் கழித்து அவள் சொன்னாள்: "அம்மா, நான் ஸ்கூல் விட்டு வந்தா உடனே உள்ள வர மாட்டேன். வாசல்ல நின்னு, நீ பாத்திரம் வைக்கிற சத்தத்தக் கேப்பேன். டொங்குன்னு வச்சா சித்தி வூட்டுக்குப் போயிடுவேன். மெதுவா வச்சா உள்ள வருவேன்." பன்னிரண்டு வயதுப் பிள்ளை பாடம் படிக்கிற மாதிரி என் சத்தத்தைப் படித்திருக்கிறது.

"கோபம் இருக்கிற இடத்துலதான் குணம் இருக்கும்"னு நம் ஊரில் ஒரு சமாதானம் சொல்வார்கள். எங்கப்பாவுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். அவர் சாப்பாட்டுத் தட்டை விசிறி எறிவார். நாங்கள் கதவு மூலையில் ஒண்டிக்கொள்வோம். குணம் இருந்தது, நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் குணத்தை அனுபவிக்க எங்களுக்கு நேரமே கிடைக்கவில்லை.

நோய் என்று எப்படித் தெரிந்தது

எங்கள் நர்சம்மா ஒருநாள் பிரஷர் பார்த்துவிட்டுத் திடுக்கிட்டார். 170க்கு 110. அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார். அங்கே பிரஷர் பார்த்த டாக்டர், "தூக்கம் எப்படி? வீட்டுல சண்டை உண்டா?"ன்னு கேட்டார். நான் பொய் சொல்லவில்லை. மனநல டாக்டரைப் பார்க்கச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டு மூன்று வாரம் சும்மா இருந்தேன். "நான் என்ன பைத்தியமா?" என்ற ரோஷம். கடைசியில் என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனது யார்? பெட்டியடி வாங்கின அதே பிரதிநிதிதான். "வாங்கக்கா, நானும் வரேன். எனக்கும் தோளு காட்டணும்"னு சிரிச்சுக்கிட்டே சொன்னாள்.

டாக்டர் நிறையக் கேள்வி கேட்டார். குடிப்பழக்கம் உண்டா? தலையில் அடிபட்டதா? வலிப்பு வந்திருக்கிறதா? மாதவிலக்குச் சமயத்தில் மட்டும் வருகிறதா? தைராய்டுக்கு ரத்தம் எடுத்தார்கள். இவை எல்லாம் கூடக் கோபத்தைக் கிளப்பும் என்பதால் முதலில் அதைப் பார்த்துவிடுவார்கள். மன அழுத்தம் உள்ளவர்களுக்கும் அழுகைக்குப் பதில் எரிச்சலாக வருவது உண்டு. என் விஷயத்தில் அது ஒன்றும் இல்லை. "இதுக்குப் பேரு இன்டர்மிட்டன்ட் எக்ஸ்ப்ளோசிவ் டிஸ்ஆர்டர். விட்டு விட்டு வெடிக்கிற கோப நோய்னு வச்சுக்கோங்க"ன்னு சொன்னார். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலேயே இது இருக்கிறதாம்.

எது வெறும் கோபம், எது நோய்?

கோபம் எல்லாருக்கும் வரும். வரவும் வேண்டும். கூலியைக் குறைத்துக் கொடுத்தால், ரேஷனில் எடை குறைந்தால் கோபப்படாமல் என்ன செய்வது? நோய் என்பது வேறு. டாக்டர் சொன்ன அடையாளங்களை என் பாஷையில் சொல்கிறேன்.

1. காரணத்துக்கும் கோபத்துக்கும் அளவே பொருந்தாது.
2. திட்டம் போட்டு வருவதில்லை. ஏதோ லாபத்துக்காகச் செய்வதும் இல்லை. சட்டென்று வெடிக்கும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும்.
3. அடங்கினதும் வெட்கம், வருத்தம், அசதி.
4. கத்துவது, திட்டுவது, காயம் படாத அளவுக்குக் கை ஓங்குவது என்றால் சராசரியாக வாரம் இரண்டு தடவையாவது, மூன்று மாதத்துக்கு மேல் தொடரும். அல்லது பொருளை உடைப்பது, ஆளைக் காயப்படுத்துவது என்ற அளவில் ஒரு வருடத்துக்குள் மூன்று தடவை நடந்திருக்கும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013ல் வெளியிட்ட கையேட்டில் உள்ள அளவு இது.
5. அதனால் வேலை, உறவு, பணம் எதிலாவது சேதம் இருக்கும்.

பெரும்பாலும் சின்ன வயதிலோ வளரும் வயதிலோ தொடங்குகிறது. அடி உதை பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு அதிகம். நம் மூளையில் ஆபத்து என்றால் மணி அடிக்கிற இடம் ஒன்று இருக்கிறது. அமிக்டலா என்று பெயர். "பொறு, என்ன ஏதுன்னு பாப்போம்"னு தடுக்கிற இடம் நெற்றிக்குப் பின்னால் இருக்கிறது. இந்த நோயில் மணி உடனே அடிக்கிறது, தடுக்கிற ஆள் தாமதமாக வருகிறார். சாதாரணப் பேச்சுகூட அவமானமாகக் காதில் விழுகிறது. "இன்னொரு தடவ கூட்டிப் பாருங்க" என்பது "திருடி" என்று கேட்டது அதனால்தான்.

இது அபூர்வமான நோயும் இல்லை. அமெரிக்காவில் 2006ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், 100 பேரில் சுமார் 7 பேருக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு சமயம் இது இருந்ததாகத் தெரிந்தது. நம் நாட்டில் பெங்களூரு நிமான்ஸ் நிறுவனம் 2015-16ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் மனநலக் கணக்கெடுப்பு நடத்தியது. பெரியவர்கள் 100 பேரில் சுமார் 10 பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருந்தது. அதில் பெரும்பாலோர் வைத்தியமே பார்க்கவில்லை. சீட்டை முந்தானையில் முடிந்து வைத்தது நான் ஒருத்தி மட்டும் இல்லை.

என் கோபக் கணக்கு

டாக்டர் ஒரு நோட்டு வாங்கி எழுதச் சொன்னார். நமக்குக் கணக்கு எழுதத் தெரியாதா? நம்ம லெட்ஜர் மாதிரியே கோடு போட்டேன். தேதி, யார் மேல், எதனால், எவ்வளவு நேரம், என்ன நஷ்டம். அப்புறம் போன ஒரு வருடத்தையும் ஞாபகப்படுத்தி எழுதிப் பார்த்தேன்.

உடைத்தது: செல்போன் 2, ரூ.3,400. மிக்ஸி ஜாடி, ரூ.650. பீரோ கண்ணாடி, ரூ.1,200. மொத்தம் ரூ.5,250.

வேலைக்குப் போகாத நாள்: வெடித்த மறுநாள் தலைவலி, மற்றவர்கள் முகத்தில் விழிக்கவும் வெட்கம். மல்லாட்டை களையெடுப்புக்குப் போகாமல் படுத்த நாள் 31. நாள் கூலி 150 என்றால் ரூ.4,650.

இரண்டும் சேர்ந்து ரூ.9,900. நான் குழுவில் மாதம் 100 ரூபாய் சேமித்தேன், வருடத்துக்கு 1,200. கோபத்துக்குக் கட்டினது அதைப்போல எட்டு மடங்கு.

இது ரூபாயில் எழுத முடிந்தது. எழுத முடியாதது இன்னொரு பக்கம் முழுக்க இருந்தது. சொந்தக்காரர்கள் விசேஷத்துக்குக் கூப்பிடுவதைக் குறைத்தார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எங்கள் வாசலில் விளையாடுவதை நிறுத்தினார்கள். வூட்டுக்காரர் என்னிடம் எதையும் சொல்லாமல் மறைக்க ஆரம்பித்தார், கடன் வாங்கினதைக்கூட. நல்ல செய்தியும் என்னிடம் வருவதில்லை, கெட்ட செய்தியும் வருவதில்லை. நடுவீட்டில் இருந்துகொண்டே தனியாக இருந்தேன். உடம்பும் சும்மா விடவில்லை. ரத்த அழுத்தம், நெஞ்சு நோய், சர்க்கரை, தலைவலி, வயிற்றுப் புண் எல்லாம் இந்த நோய் உள்ளவர்களிடம் அதிகம் காணப்படுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. 2021ல் மக்களைத் தேடி மருத்துவம் வந்தபோது வீடு வீடாகப் போய் பிரஷர் பார்க்க நம் குழுப் பெண்களைத்தான் எடுத்தார்கள். அந்தச் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை: பிரஷர் ஏறி இருந்தால் "கோபம் எப்படிக்கா?"ன்னும் ஒரு கேள்வி கேளுங்கள். என்னைக் காப்பாற்றியது அந்த ஒரு கேள்விதான்.

என்ன வைத்தியம்?

இரண்டு வழி. ஒன்று பேச்சு வைத்தியம். எந்த இடத்தில் சூடு ஏறுகிறது, அப்போது மனசு என்ன சொல்கிறது, அது நிஜம்தானா என்று திரும்பத் திரும்பப் பழக்குகிறார்கள். இன்னொன்று மாத்திரை. மன அழுத்தத்துக்குக் கொடுக்கிற வகை மாத்திரைகளே இதற்கும் உதவுகின்றன. அது தூக்க மாத்திரை இல்லை. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். நன்றாக இருக்கிறதே என்று நாமாக நிறுத்தக் கூடாது. நான் ஒருதடவை நிறுத்தினேன்; மூன்றாவது வாரம் மறுபடியும் சட்டி பறந்தது.

என் நோட்டில் முதல் மாதம் 11 தடவை. ஆறாவது மாதம் 2. இப்போது வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ. அதுவும் வாயோடு நிற்கிறது, கைக்கு வருவதில்லை.

எனக்குக் காது சூடாகும், தாடை இறுகும். அதுதான் எனக்கு வருகிற தந்தி. வந்ததும் கையில் இருப்பதைக் கீழே வைப்பேன். பேச்சை நிறுத்திவிட்டு இடத்தை விட்டு நகர்வேன். தெருக்குழாய் வரைக்கும் நடப்பேன். மூச்சை இழுப்பதைவிட விடுவதை மெதுவாக விடுவேன். இருபது நிமிஷம் கழித்துத்தான் பதில். வீட்டில் ஒரு அடையாள வார்த்தை வைத்திருக்கிறோம்: "தண்ணி". நான் "தண்ணி"ன்னு சொன்னால் யாரும் பின்னாலேயே வந்து பேசக் கூடாது. மகள் "தண்ணி"ன்னு சொன்னால் நான் வெளியே போக வேண்டும்.

மேல்மலையனூர் அமாவாசைக்கு என் மாமியார் என்னைக் கூட்டிப் போனார். போனேன், அங்காளம்மனிடம் அழுதேன், மனசு லேசானது. நம்பிக்கையை யாரும் விட வேண்டாம். ஆனால் வேண்டுதலும் இருக்கட்டும், மாத்திரையும் இருக்கட்டும்.

அடி வாங்குகிற சகோதரிக்கு

இதுவரைக்கும் கோபப்பட்டவளாகப் பேசினேன். உங்களில் பாதிப் பேர் மனசில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். "எங்க வூட்டுக்காரருக்கும் இந்த நோய்தான் போல. அப்ப பொறுத்துக்கணுமா?" வேண்டாம். நன்றாகக் கேளுங்கள், வேண்டாம்.

குடித்தால் மட்டும் அடிக்கிறார் என்றால் அது இந்த நோய்க் கணக்கில் வராது. அதற்குக் குடி மீட்பு வைத்தியம் தேவை. முதலாளி முன்னால் பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு அடிக்கிறார் என்றால், அடக்க முடியாத நோய் என்று நாமே பேர் வைத்துவிடக் கூடாது. எது என்று டாக்டர் பிரித்துப் பார்க்கட்டும். நோயே ஆனாலும் அதற்கு வைத்தியம் பார்ப்பது அவர் பொறுப்பு. அடியைத் தாங்குவது உங்கள் கடமை இல்லை. என் மகள் என் சூட்டைத் தாங்கினதால் எனக்கு நோய் குணமாகவில்லை. நான் டாக்டரிடம் போனதால்தான் குறைந்தது.

வெடிக்கிற நேரத்தில் எதிர்த்து வாதம் செய்யாதீர்கள், வாசலை மறித்து நிற்காதீர்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். அடுப்படிக்குள் போய் ஒளியாதீர்கள். கத்தியும் நெருப்பும் அங்கேதான் இருக்கிறது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005ல் வந்தது. 2006 அக்டோபரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. உங்களை வீட்டை விட்டுத் துரத்த முடியாது என்று அந்தச் சட்டம் சொல்கிறது. பாதுகாப்பு அலுவலரிடம் மனு கொடுக்கலாம், மகளிர் காவல் நிலையத்துக்குப் போகலாம். 181க்குப் போன் செய்யலாம். பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1098.

கட்டிப்போடுவது வைத்தியம் இல்லை

இன்னொரு பயமும் சொல்ல வேண்டும். வெடிக்கிற ஆளைக் கட்டிப்போடுவது, எங்கேயோ கொண்டுபோய் விட்டுவிடுவது என்ற வழக்கம் இன்னும் இருக்கிறது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் மாட்டிக்கொண்டார்கள். 28 உயிர் போனது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று தடை செய்துவிட்டது. நம் மாவட்டத்திலேயே விக்கிரவாண்டி பக்கம் குண்டலப்புலியூரில், உரிமம் இல்லாமல் நடந்த காப்பகத்திலிருந்து 2023 பிப்ரவரியில் 100க்கும் மேற்பட்டவர்களை மீட்டார்கள். அதனால் எந்த இல்லத்தில் சேர்ப்பதாக இருந்தாலும் அரசுப் பதிவு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இந்தக் கோப நோய்க்கு இல்லமே தேவைப்படுவதில்லை. பெரும்பாலும் வீட்டில் இருந்தபடியே வைத்தியம் பார்க்கலாம்.

எங்கே போவது? முதலில் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் எந்த நாளில் எங்கே பார்க்கிறார் என்று சொல்வார்கள். பெரிய ஆஸ்பத்திரி வேண்டும் என்றால் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. புதுச்சேரி ஜிப்மரும் தூரம் இல்லை. வெளியே போகக் கூச்சமாக இருந்தால் வீட்டிலிருந்தே 14416க்குப் போன் போடுங்கள். டெலிமானஸ் என்று பெயர். 2022 அக்டோபரில் ஆரம்பித்தது. காசு கிடையாது, ராத்திரி பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

நம் குழுக்களுக்கு என் கோரிக்கை மூன்றே மூன்று. ஓர் உறுப்பினர் வெடித்தால் "இவ இப்படித்தான்"னு ஒதுக்காதீர்கள்; அடங்கினபிறகு ஒருத்தி போய்க் கேளுங்கள். அதே நேரம் அடிபட்டவளை "போனாப் போகுது, விடு"ன்னு அடக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிறவளோடு இன்னொருத்தி துணைக்குப் போகட்டும்; அந்த பஸ் செலவைக் குழுவிலேயே தரலாம் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.

முடித்துக்கொள்கிறேன். என் மகள் இப்போது விழுப்புரத்தில் வேலைக்குப் போகிறாள். சாயந்திரம் வந்து செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே வருகிறாள், வாசலில் நிற்பதில்லை. ஆனால் என் கை தவறி ஒரு டம்ளர் கீழே விழுந்தால், எந்த வேலையில் இருந்தாலும் ஒரு நொடி நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கிறாள். அப்புறம்தான் குனிகிறாள். என் கணக்கில் அந்தப் பாக்கி இன்னும் நிற்கிறது சகோதரிகளே. தவணை தவறாமல் கட்டிக்கொண்டு வருகிறேன்.